கருவிக்கு அளவு உண்டா?

ஃபோர்டு 8என் டிராக்டர் 1947 முதல் 1952 வரை அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஹைலண்ட் பார்க் ஆலையில் தயாரானது. ஐந்து லட்சத்துக்கும் அதிகமான வண்டிகள் விற்றன. எடை ஏறத்தாழ 1,100 கிலோ; நான்கு சிலிண்டர் கொண்ட இரண்டு லிட்டர் பெட்ரோல் எஞ்சின்; அது தருவது சுமார் 25 குதிரைத்திறன். இரண்டு கொழுக் கலப்பையை இழுத்துச் சிறு பண்ணை ஒன்றை உழ அது போதும். இந்த எஞ்சினைக் கழற்றிவிட்டு, நூறு குதிரைத்திறன் தரும் கார் எஞ்சினைப் பூட்டும் பழக்கம் அமெரிக்க மத்திய மேற்கு மாநிலங்களில் தொடங்கி எழுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. முதலில் உழவுக்காகச் செய்தார்கள். பிறகு அது போட்டிக்கானது. இன்று பெரும்பாலும் கண்காட்சித் திடலுக்கு. தத்துவத்தின் பழைய கேள்விகள் இரண்டு இந்தப் பழக்கத்துக்குள் அடங்கியிருக்கின்றன. பாகம் மாறிய பின்பும் பொருள் அதே பொருள்தானா என்பது ஒன்று. கருவிக்கு உரிய அளவு என ஒன்று உண்டா, உண்டென்றால் அதை வரைவது யார் என்பது மற்றொன்று. முதலாவது புகழ்பெற்றது, இரண்டாவதுதான் கடினமானது.

8என் டிராக்டரின் எஞ்சின் பிறப்பிலேயே பாதிக் கார் எஞ்சின். அதன் முன்னோடியான 9என் 1939இல் வந்தபோது, ஃபோர்டு நிறுவனம் தன் மெர்குரி காருக்கு உருவாக்கியிருந்த எட்டு சிலிண்டர் எஞ்சினின் சிலிண்டர் விட்டத்தையும் பிஸ்டன் ஓட்ட நீளத்தையும் அப்படியே எடுத்து நான்கு சிலிண்டராக வார்த்தது. கார் எஞ்சின் 239 கன அங்குலம். டிராக்டர் எஞ்சின் அதில் சரிபாதி. ஆகவே 8என் வண்டியில் ஃபோர்டின் பழைய வி8 எஞ்சினைப் பூட்டுகிறவர் அந்நியமான எதையும் கொண்டுவந்து சேர்க்கவில்லை. பிரிந்த மறுபாதியைத் திரும்பச் சேர்க்கிறார் என்று வாதாட இடமுண்டு. பட்டறைக்காரர்கள் இந்த வாதத்தை விரும்பிச் சொல்வார்கள். வேறு சிலர் பூட்டும் ஷெவர்லே வி8 எஞ்சினுக்கு அது பொருந்தாது என்பதை மட்டும் சொல்லமாட்டார்கள்.

இந்த மாற்றத்தைத் தொழிலாகவே நடத்தியவர்கள் ஜோ, ஹோவர்ட் என்ற ஃபங்க் இரட்டைச் சகோதரர்கள். ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகரத்தில் சிறிய விமானம் கட்டத் தொடங்கியவர்கள் அவர்கள். தங்கள் விமானத்துக்கு ஃபோர்டு கார் எஞ்சினைத் தலைகீழாகத் திருப்பிப் பயன்படுத்தினார்கள். 1941இல் கான்சாஸ் மாநிலத்தின் காஃபிவில் ஊருக்குக் குடிபெயர்ந்தார்கள். போர் முடிந்தபின் சிறு விமானச் சந்தை சரிந்தது. அப்போது அவர்கள் ஃபோர்டு டிராக்டருக்கு ஆறு சிலிண்டர் எஞ்சினையும் வி8 எஞ்சினையும் பொருத்துவதற்கான உதிரித் தொகுப்புகளை விற்றார்கள். வாங்கியவர்கள் உழவர்கள். மூன்றாவது கொழுவை இழுக்க வேண்டும், கெட்டி மண்ணில் எஞ்சின் திணறக் கூடாது என்பதே அவர்கள் கணக்கு. விளையாட்டு எண்ணம் அதில் இல்லை.

இந்த வேலையின் நுட்பம் தத்துவக் கேள்வியை நேரடியாகத் தொடுகிறது. காருக்கு அடிச்சட்டம் தனி, எஞ்சின் தனி. 8என் டிராக்டருக்குத் தனி அடிச்சட்டம் கிடையாது. எஞ்சின், கியர்பாக்ஸ், பின் அச்சு ஆகிய மூன்று வார்ப்பிரும்புக் கூடுகளும் ஒன்றோடொன்று போல்ட்டில் இறுகி, அவையே வண்டியின் உடலாக நிற்கின்றன. முன் அச்சு எஞ்சினின் முகப்பில் தொங்குகிறது. 1917இல் வந்த ஃபோர்ட்சன் டிராக்டர் புகழ்பெறச் செய்த அமைப்பு இது. எனவே எஞ்சினைக் கழற்றினால் முதுகெலும்பே போகிறது. வண்டி இரண்டு துண்டாகிவிடும். வி8 எஞ்சினை ஏற்றுவதற்குப் பக்கத் தாங்கிகளும் இணைப்புத் தகடுகளும் வேண்டும். பேனட்டை உயர்த்த வேண்டும். இன்னொரு விஷயமும் உண்டு. 8என் வண்டியின் தொடர் எண் பொறிக்கப்பட்டிருப்பது எஞ்சின் கூட்டின் இடப்பக்கத்தில். எஞ்சின் போனால் வண்டியின் அடையாள எண்ணும் சேர்ந்து போகிறது.

கிரேக்க வீரன் தீசியஸின் கப்பலைப் பற்றிப் புளூடார்க் எழுதிவைத்த புதிர் இங்கே உயிர் பெறுகிறது. ஏதென்ஸ்காரர்கள் அந்தக் கப்பலின் இற்றுப்போன பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்தார்கள். அது அதே கப்பலா என்று தத்துவவாதிகள் இரு கட்சியாகப் பிரிந்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ் இதில் ஒரு திருகு சேர்த்தார்: கழற்றிய பலகைகளை ஒருவர் சேமித்து அதே வரிசையில் இன்னொரு கப்பலைக் கட்டினால் எது தீசியஸின் கப்பல்? டிராக்டர் உலகில் இது கற்பனைச் சிக்கலாக நிற்பதில்லை. கழற்றிய நான்கு சிலிண்டர் எஞ்சின் எங்கோ ஒரு கொட்டகையில் கிடக்கிறது. எஞ்சின் வெடித்துப்போன வேறொரு 8என் வண்டிக்கு அது பூட்டப்படுகிறது. தொடர் எண்ணை நம்பினால், பழைய டிராக்டர் இப்போது அந்த இரண்டாம் வண்டிதான். எந்த விவசாயியும் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்.

இந்தியத் தத்துவ மரபில் இதே வழக்குக்கு இரு கூர்மையான விடைகள் உண்டு. 'மிலிந்த பன்ஹா' என்ற பாலி நூலில் நாகசேனர் என்ற பிக்கு, கிரேக்க வழிவந்த அரசன் மிலிந்தனிடம் தேரைக் காட்டிக் கேட்கிறார்: அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா? எதுவும் இல்லை, இவை சேர்ந்த இடத்தில் வழங்கும் பெயரே தேர். இந்த விடையை ஏற்றால் வி8 பூட்டிய டிராக்டரில் புதிரே கிடையாது. ஊர் எதை டிராக்டர் என்று அழைக்கிறதோ அதுவே டிராக்டர். நியாய வைசேஷிகர்கள் இதை ஏற்கவில்லை. பாகங்கள் கூடும்போது அவற்றுக்கு வேறான முழுமை ஒன்று, அவயவி, உண்மையிலேயே தோன்றுகிறது என்றார்கள். பாகம் ஒன்று நீங்கினால் பழைய முழுமை அழிந்து புதியது பிறக்கும். முதுகெலும்பையே மாற்றும் 8என் வண்டிக்கு இந்தக் கடுமையான விடை ஓரளவு பொருந்தத்தான் செய்கிறது. ஆனால் அதே கடுமையோடு பார்த்தால் ஸ்பார்க் பிளக் மாற்றிய வண்டியும் புது வண்டியாகிவிடும். அந்த விலையைக் கொடுக்க வைசேஷிகர் தயாராக இருந்தார்கள். பட்டறைகள் தயாராக இல்லை.

காலம் இந்தப் புதிருக்குத் தந்த விடை வேடிக்கையானது. ஃபங்க் சகோதரர்களின் தொகுப்பைப் பூட்டிய 8என் வண்டிகள் இன்று தாமே அரும்பொருளாகிவிட்டன. சேகரிப்பவர்கள் அந்த இணைப்புத் தகடுகளைத் தேடி அலைகிறார்கள். துருவை நீக்கி, அசலாகவே பாதுகாக்கிறார்கள். மரபை மீறிச் செய்த மாற்றம் அரை நூற்றாண்டில் மரபாகிவிட்டது. பழைய வண்டியை ஆலையிலிருந்து வந்தபடியே வைத்திருக்க வேண்டும் என்பவர்களுக்கும், பிரித்துப் புதிதாகக் கட்டலாம் என்பவர்களுக்கும் நடக்கும் சண்டையில், அசல் என்ற சொல்லை இரு பக்கமும் உரிமை கொண்டாட முடிவது இதனால்தான். அடையாளம் பற்றிய விவாதம் இதற்குமேல் நெடுந்தூரம் போவதில்லை.

கருவியின் அளவும் பயனும் பற்றிய இரண்டாம் கேள்விக்கு வந்தால் நிலம் கெட்டிப்படுகிறது. அரிஸ்டாட்டிலின் வழியில், ஒரு கருவி எதுவென்று சொல்வது அதன் செயல். அறுக்கும் வரை ரம்பம் ரம்பம். இழுக்கும் வரை டிராக்டர் டிராக்டர். 'அரசியல்' என்ற நூலின் முதல் பகுதியில் செல்வத்தைப் பற்றிப் பேசும்போது அவர் இன்னொன்றும் சொல்கிறார். எந்தக் கலையின் கருவியும் எண்ணிக்கையிலோ அளவிலோ எல்லையற்றதாக இருப்பதில்லை. செய்ய வேண்டிய வேலையே கருவிக்கு எல்லை. வீட்டை நடத்தச் சேர்க்கும் செல்வத்துக்கு எல்லை உண்டு, பணத்துக்காகவே சேர்க்கும் பணத்துக்கு எல்லை இல்லை என்ற அவரது கண்டனம் இந்தக் கருத்தின் மேல்தான் கட்டப்பட்டது. குதிரைத்திறனைப் பணத்தின் இடத்தில் வைத்துப் பார்த்தால் இந்தப் பழக்கத்தின் மேல் சுமத்தக்கூடிய முதல் குற்றச்சாட்டு கிடைத்துவிடும்.

அரிஸ்டாட்டிலின் எல்லை டிராக்டரில் வெறும் அறவுரையாக நிற்பதில்லை. இயற்பியலாகவே வேலை செய்கிறது. ஒரு வண்டி தரையில் ஊன்றி இழுக்கக்கூடிய விசை, ஓட்டும் சக்கரங்களின் மேல் இறங்கும் எடையையும் மண்ணின் பிடிப்பையும் பொறுத்தது. அதற்கு மேல் எஞ்சின் எவ்வளவு தந்தாலும் சக்கரம் வழுக்கிச் சுழலும். 1,100 கிலோ வண்டி, மணிக்கு ஐந்தாறு கிலோமீட்டர் உழவு வேகத்தில், உழுத மண்ணின் பிடிப்பில், பத்துப் பதினைந்து குதிரைத்திறனுக்கு மேல் மண்ணுக்குக் கொடுக்க இயலாது. ஃபங்க் தொகுப்பை வாங்கிய உழவர் மூன்றாவது கொழுவை இழுக்க வேண்டுமென்றால் டயருக்குள் தண்ணீர் நிரப்பியோ, சக்கரத்தில் இரும்பு எடை மாட்டியோ வண்டியைக் கனமாக்க வேண்டும். எடையைக் கூட்டாமல் எஞ்சினை மட்டும் கூட்டினால் கூடுதல் சக்திக்குப் போக்கிடம் இரண்டுதான்: ஒன்று வேகம், மற்றொன்று முன் சக்கரங்களை மேலே தூக்கி வண்டியை ஓட்டுநரின் மேல் பின்புறமாகக் கவிழ்ப்பது. ஃபோர்ட்சன் டிராக்டர் இருபது குதிரைத்திறனிலேயே அப்படிக் கவிழ்ந்து பேர் கெட்டது. உழவில் மண்தான் அளவுகோல்.

மண்ணைவிட்டு வெளியே வந்த டிராக்டருக்கு எந்த அளவுகோல்? அந்தக் கதவைத் திறந்தது எஞ்சினைவிட டயர்தான். 1930களின் தொடக்கம் வரை டிராக்டர்கள் இரும்புச் சக்கரத்தில் ஓடின. வேகமாகப் போனால் ஓட்டுநரின் எலும்பு உதறிப்போகும். 1932இல் அல்லிஸ் சால்மர்ஸ் நிறுவனம் ஃபயர்ஸ்டோன் காற்று டயரை டிராக்டருக்குப் பொருத்தியது. உழவர்கள் தயங்கினார்கள். அவர்களை நம்பவைக்கக் கார் பந்தய வீரர்களைக் கொண்டு கண்காட்சித் திடல்களில் டிராக்டர் பந்தயம் நடத்தினார்கள். 1933இல் பார்னி ஓல்ட்ஃபீல்ட் என்ற பழைய பந்தய வீரர் மணிக்கு 64 மைல், அதாவது நூறு கிலோமீட்டருக்கு மேல், ஓட்டிக் காட்டினார். உழவுக் கருவியை வேகத்தால் விற்ற முதல் விளம்பரங்களுள் ஒன்று இது. வேக டிராக்டர் என்ற ஆசையை இளைஞர்களின் குறும்பு என்று தள்ளிவிடுவது சரியில்லை. அதற்கு விதை போட்டதில் டிராக்டர் வணிகத்துக்கும் பங்குண்டு.

டிராக்டரையும் அதன் டயரையும் கண்டு எச்சரிக்கையானவர்களும் இருந்தார்கள். பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் வட்டாரத்துப் பழைய நெறி ஆமிஷ் என்ற கிறித்தவச் சபை மக்கள் 1920களில் வயலில் டிராக்டரைச் சோதித்துப் பார்த்து, பிறகு சபை முடிவாக அதை விலக்கினார்கள். களஞ்சியத்தில் கதிரடிக்கவும் தீவனம் அரைக்கவும் டிராக்டர் எஞ்சின் அனுமதிக்கப்பட்டது, வயலில் குதிரைதான். மென்னனைட் என்ற கிறித்தவ மரபின் கிராஃப்டேல் கூட்டமைப்பு வேறு வழியில் போனது. அவர்கள் வயலில் டிராக்டர் ஓட்டலாம், ஆனால் இரும்புச் சக்கரம் கட்டாயம். புதிய, வலிமை மிக்க டிராக்டரை வாங்கி, டயர்களைக் கழற்றிவிட்டு இரும்பு வளையம் பற்றவைத்துக்கொள்கிறார்கள். வெளியாருக்கு இது முரணாகத் தெரியும். உள்ளிருந்து பார்த்தால் கணக்கு தெளிவு: எஞ்சின் சக்தியால் சமூகம் சிதறாது, சக்தி எங்கே கொண்டுபோகிறது என்பதில்தான் ஆபத்து. காற்று டயர் வந்தால் டிராக்டரிலேயே நகரக் கடைக்குப் போகலாம். அது காருக்கு வழிவிடும். கார் வந்தால் அண்டை வீட்டாரின் தேவை குறையும். ஆகவே எல்லையை அவர்கள் எஞ்சினில் வைக்காமல் சக்கரத்தில் வைத்தார்கள். ஆசையை வேரிலேயே அறுத்துவிட முயலாமல், அது நடந்துபோகும் பாதையை மட்டும் அடைக்கிற இந்த முறையில் மனித இயல்பைப் பற்றிய நுண்ணறிவு இருக்கிறது.

அந்த எல்லை நீதிமன்றம் வரை போனது. அயோவா மாநிலத்தின் மிட்செல் மாவட்டம் 2009இல் தார், கான்கிரீட் சாலைகளில் இரும்புச் சக்கரத்தைத் தடை செய்தது. சாலை பெயர்கிறது என்பது காரணம். கிராஃப்டேல் கூட்டமைப்பைச் சேர்ந்த ஒருவர் மேல் வழக்குப் பதிவாயிற்று. 2012இல் அயோவா உச்ச நீதிமன்றம் தடை சமய சுதந்திரத்துக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. சாலைக்குச் சேதம் விளைக்கும் வேறு சிலவற்றை, பள்ளிப் பேருந்தின் பனிக்காலப் பிடிப்புச் சாதனங்கள் உட்பட, அனுமதித்துவிட்டு இதை மட்டும் தடுப்பது ஏன் என்று அது கேட்டது. சக்கரத்தின் இரும்பு ஒரு நம்பிக்கையின் பகுதியாக இருக்க முடியும் என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்டது.

இதற்கு எதிர்முனையில் டிராக்டர் இழுவைப் போட்டி நிற்கிறது. 1929இல் மிசூரி, ஒஹாயோ மாநிலங்களில் முறையான போட்டிகள் நடந்தன; 1969இல் தேசிய டிராக்டர் இழுவையாளர் சங்கம் உருவாகி விதிகளை வகுத்தது. தொடக்கத்தில் வயலிலிருந்து நேரே வந்து இழுத்துவிட்டு, மறுநாள் அதே வண்டியில் உழப் போனார்கள். பிறகு வண்டி உழவைவிட்டு விலகியது. பாஸ் என்ற சகோதரர்கள் இருவர் பல எஞ்சின்களை ஒரே சுழல்தண்டில் இணைக்கும் பெட்டியை வடிவமைத்தார்கள். இரண்டு, மூன்று, நான்கு கார் எஞ்சின்கள் ஒரே வண்டியில் ஏறின. இழுக்கப்படும் சுமைவண்டிதான் இந்தப் போட்டியின் விசித்திரம். அதன் மேலுள்ள எடைப்பெட்டி ஓட ஓட முன்னோக்கி நகர்ந்து, சறுக்குத் தகட்டைத் தரையோடு மேலும் மேலும் அழுத்தும். எந்தச் சரக்கையும் எங்கும் கொண்டுசேர்க்க அது கட்டப்படவில்லை. டிராக்டரை நிறுத்துவதற்கென்றே கட்டப்பட்டது. 300 அடி ஓடுதளத்தின் முடிவுவரை இழுத்தால் முழு இழுவை. பெரும்பாலானவை அதற்கு முன்பே நின்றுவிடும்.

பயனைக் கொண்டு கருவியை அளக்கும் கண்ணுக்கு இது அபத்தம். ஆனால் அதே அரிஸ்டாட்டில் 'நிக்கோமாக்கிய அறவியல்' நூலில் ஆக்கத்தையும் செயலையும் பிரிக்கிறார். ஆக்கத்தின் பயன் அதற்கு வெளியே உள்ள பொருளில் இருக்கிறது. செயலின் பயன் அதைச் செய்வதிலேயே இருக்கிறது. உழவு ஆக்கம். இழுவைப் போட்டி உழவின் அசைவுகளையெல்லாம் எடுத்துக்கொண்டு விளைச்சலை மட்டும் விட்டுவிட்டது. அதனால் ஆக்கம் செயலாயிற்று. வரலாற்றாசிரியர் யோகான் ஹௌசிங்கா 1938இல் விளையாட்டுக்கு அடையாளமாகச் சொன்னவை அத்தனையும் அங்கே உண்டு: ஒதுக்கிய இடம், கட்டாயமான விதி, ஆதாயம் இல்லாத முழு ஈடுபாடு.

யூத, கிறித்தவ மரபில் ஓய்வுநாள் கட்டளை இன்னொரு பார்வையைத் திறக்கிறது. உபாகமம் அந்தக் கட்டளையை மாட்டுக்கும் கழுதைக்கும் சேர்த்தே விதிக்கிறது. லேவியராகமம் ஏழாம் ஆண்டில் நிலத்துக்கும் ஓய்வு தருகிறது. உழைப்பதற்காகவே படைக்கப்பட்டது என்று நினைக்கப்படுவதும் உழைப்பிலிருந்து விடுபட்ட ஒரு நேரத்துக்கு உரியது என்பது அதன் உட்பொருள். ஓய்வுபெற்ற டிராக்டரைத் தேய்த்து மெருகேற்றித் திருவிழாவில் நிறுத்துகிற பழக்கத்துக்கு, தெரிந்தோ தெரியாமலோ, இந்த உணர்வின் சாயல் உண்டு. வி8 பூட்டிய வண்டிக்கும் அந்தச் சலுகையை நீட்டலாமா? இங்கே தயக்கம் நியாயமானது. ஓய்வு என்பது கூடுதல் சக்தி கேட்பதில்லை. உழைப்பிலிருந்து விடுபட்ட எஞ்சின் இன்னும் உரக்க முழங்கினால், விடுபட்டது வேலை மட்டுமே. முந்தும் ஆசை விடுபடவில்லை. எளிமையை நெறியாகக் கொண்ட சபைகள் இதை அகந்தை என்றே பெயரிடும், அந்தப் பெயர் முழுக்கத் தவறும் அல்ல.

ஆயினும் இழுவைப் போட்டியை எல்லையின்மைக்கு உதாரணமாகக் காட்டுவது தவறு. அதன் விதிப்புத்தகம் முழுவதும் எல்லைகளால் ஆனது: எடைப் பிரிவு, எஞ்சின் பிரிவு, டயர் அளவு, இணைப்புக் கொக்கியின் உயரம், வண்டி பின்புறம் கவிழாமல் தடுக்கும் தாங்குகோல், ஓட்டுநர் கைநழுவினால் எஞ்சினை அணைக்கும் விசை. மண் இனி அளவு சொல்லாத இடத்தில் மனிதர்கள் கூடி அளவை எழுதிக்கொண்டார்கள். மென்னனைட் சபை செய்ததும் அதுதான். தேவை எல்லை வகுத்த காலம் முடிந்ததும் இரு சாராருமே எல்லையைத் தாமாகப் படைக்க வேண்டியதாயிற்று. ஒருவர் சக்தியை அனுமதித்துத் தூரத்தை மறுத்தார். மற்றவர் தூரத்தை 300 அடியாகச் சுருக்கிச் சக்தியை அவிழ்த்துவிட்டார். எந்தக் குழுவுக்கும் கட்டுப்படாமல், பொதுச்சாலையில் தனியே பறக்கும் வி8 டிராக்டர்தான் உண்மையில் அளவற்றது. 8என் வண்டியின் பிரேக்கும் ஸ்டியரிங்கும் மணிக்கு இருபது கிலோமீட்டருக்குள் ஓடுவதற்காகச் செய்யப்பட்டவை என்பதால் அது தத்துவக் குற்றமாக மட்டும் முடிவதில்லை.

அளவை அரசே வகுத்த ஒரு நாடும் உண்டு. சுவீடனில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து டிராக்டர் பற்றாக்குறையில், பழைய கார்களை வெட்டி டிராக்டராக மாற்ற அரசு அனுமதித்தது. போர் முடிந்தபின் உழவர்களுக்கு அவை தேவைப்படவில்லை. கிராமத்து இளைஞர்களுக்குத் தேவைப்பட்டன. 1975இல் வந்த ஏ-டிராக்டர் என்ற பிரிவின்படி, மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் ஓடாதபடி கட்டுப்படுத்திய கார், சட்டத்தின் கண்ணில் டிராக்டர். பதினைந்து வயதினர் அதை ஓட்டலாம். பின்புறம் மெதுவண்டி முக்கோணம் மாட்டிய வோல்வோ கார்கள் சுவீடன் கிராமச் சாலைகளில் இன்றும் ஊர்கின்றன. அமெரிக்கப் பட்டறை டிராக்டருக்குள் காரை வைத்தது. சுவீடன் சட்டம் காரையே டிராக்டர் என்று அறிவித்தது. நாகசேனர் சொன்னபடி அங்கே பெயர் வழக்கினால்தான் நிற்கிறது, ஆனால் அந்த வழக்கு வேகத்தின் எல்லையைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. வேகத் தடுப்பை இரகசியமாக அவிழ்த்துவிட்டு ஓட்டும் இளைஞர்களால் விபத்துகள் கவலைக்குரியதாயின. 2023இல் அரசு விதிகளை இறுக்கி, பயணிகள் அனைவரும் இருக்கையில் அமர்ந்து இடைவார் அணிவதைக் கட்டாயமாக்கியது.